கைப்பிடிப் பக்கம்

"நேரா படுடா, சோம்பேறி" என்று மேசைமேல் விரித்த துணியை ஓர் அதட்டு அதட்டிவிட்டுத்தான் மாஸ்டரம்மா சாக்கட்டியைக் கையில் எடுப்பார். பருத்தி என்றால் செல்லம், வழுக்குகிற சாட்டின் என்றால் வசவு. அந்தத் தையல் கடையில் கட்டிங் மேசை அவருடையது. அவர் வெட்டிக் கொடுத்தால்தான் மெஷின்கள் ஓடும். அளவெடுக்கும்போது தொப்பையை எக்குகிறவர்களிடம், "மூச்சை விடுங்க, அப்புறம் சட்டை காட்டிக் கொடுத்துடும்" என்பார்.

கத்திரிக்கோலை யார் கேட்டாலும் அலகைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு கைப்பிடியை நீட்டுவார். அவரைப் பார்த்துப் பார்த்து முதலாளி உட்படக் கடையில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

துணியோடு அவர் பேசுவது முன்பெல்லாம் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. நடுவில் தூக்கம் கெட்டு, மனம் தடுமாறி, சில மாதங்கள் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தார். பழைய வேலையே பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் வந்தார். ஆனால் இப்போது அவர் துணியை அதட்டினால் கடையே கப்சிப். முதலாளி அவரைப் பொத்தான் தைக்க உட்காரவைத்துவிட்டு, கத்திரிக்கோலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "உங்க நல்லதுக்குத்தான், அக்கா" என்று வேறு சொன்னார். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருகிற ஆளா அவர்? நேரே தொழிலாளர் அலுவலகப் படியேறினார். விசாரணையில் முதலாளி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று இழுத்தார். மாஸ்டரம்மா குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நானும் மாத்திரை போடறேன், நீங்களும் பிரஷருக்குப் போடறீங்க. அதுக்காக உங்க கல்லாச் சாவியை யாராவது பிடுங்கினாங்களா?"

அதிகாரிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கறாராகச் சொன்னார்: மனநோய் வந்தது என்பதற்காக மட்டும் ஒருவரை அவர் வேலையிலிருந்து இறக்கச் சட்டத்தில் இடமில்லை, மற்றவர்களை நடத்துவதுபோலத்தான் இவரையும் நடத்த வேண்டும்.

மறுநாள் காலை மேசை திரும்பக் கிடைத்தது. முதலாளி இழுப்பறையைத் திறந்து, கத்திரிக்கோலை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். மாஸ்டரம்மா அதைத் தொடவில்லை. கையை நீட்டியபடி நின்றார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"கையில கொடுங்க தம்பி. எப்பவும் கொடுக்கிற மாதிரி."

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்து, அலகைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினார்.