துண்டு போட்டு இடம் பிடிக்கும் பொடி

எங்கள் வீட்டில் உடம்புக்கு நல்லது என்று பெயர் எடுத்த எதுவும் வெறும் வயிற்றில்தான் இறங்கும். வெந்தயம், வேப்பங்கொழுந்து, சீரகத் தண்ணீர் எல்லாம் பல் விளக்கிய கையோடு. சேந்தமங்கலம் பக்கம் எங்கள் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆகவே சேலத்து டாக்டர் என் வீட்டுக்காரருக்குத் தாவர ஸ்டீரால் பொடியை எழுதிக் கொடுத்தபோது, அதை எப்போது குடிப்பது என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அது தோன்றவில்லை.

அவர் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம். மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு தடவை அளவைக் கூட்டியதும் கால் சதையெல்லாம் வலி எடுத்து, கோழிப்பண்ணையில் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு நடக்க முடியாமல் போயிற்று. டாக்டர் அளவைக் குறைத்து, துணைக்கு இந்தப் பொடியைச் சேர்த்தார்.

"இன்னொருக்கா மாத்திரைய ஏத்துனாங்கன்னா, எல்லாத்தையும் நிறுத்திப்போடுவன் புள்ள" என்றார் இவர்.

சொன்னால் செய்கிற மனுஷன். அதுதான் என் பயம். இவருடைய அண்ணன், முட்டை அட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. அவர் போன வயது ஐம்பத்தெட்டு. பொடி வந்தபோது இவருக்கு ஐம்பத்தேழு.

மூன்று மாதம் கோழி கூவும் முன் எழுந்து, வெந்நீரில் பொடியைக் கலக்கி, முகத்தைச் சுளித்துக் குடித்தார். பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்தால், கொலஸ்ட்ரால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. இவர் பொடி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். எனக்கு வந்ததே கோபம். அந்த டப்பாவை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டு, இவரையும் இழுத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண் முன்னால் டப்பாவை ணங்கென்று வைத்தேன்.

"ஏங்கண்ணு, ஒரு நாள் தவறாமக் குடிச்சாருங்க. இந்தப் பொடி என்னதான் பண்ணுது?"

"சாப்பாட்டோடதானேம்மா குடிச்சாரு?"

"சாப்பாட்டோடயா? வெறும் வவுத்துலீங்க!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. பொறுமையாகச் சொன்னாள். நாம் சாப்பிடும்போதுதான் பித்தநீர் குடலுக்குள் நன்றாகப் பாய்கிறதாம். சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலும் சரி, ஈரலிலிருந்து பித்தநீரோடு வரும் கொலஸ்ட்ராலும் சரி, தண்ணீரில் கரையாது. பித்த உப்பும் கொழுப்பும் சேர்ந்து உண்டாகிற, கண்ணுக்குத் தெரியாத துளிகளில் ஏறித்தான் அது குடல் சுவருக்குப் போகவேண்டும். ஸ்டீரால் என்பது செடிகொடிகளின் கொலஸ்ட்ரால். அச்சு அசல் அதே சாயல். அதுவும் அந்தத் துளியில்தான் ஏறும்.

"திருவிழா பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அது மாதிரிம்மா" என்றாள்.

ஸ்டீரால் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி ஏற முடியாமல் நின்று மலத்தோடு போய்விடுகிறது. வரத்து குறைந்ததும், ஈரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. இடம் பிடித்த ஸ்டீராலாவது உள்ளே போய்ச் சுகமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. குடல் அதை அடையாளம் கண்டு, பெரும்பாலும் திருப்பி வெளியே தள்ளிவிடுமாம். ஸ்டானால் என்று அதற்கொரு பங்காளி. அதைக் குடல் இன்னும் குறைவாகவே சேர்க்கும். நாங்களோ பஸ்ஸே வராத நேரத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கள் காட்டுக் கடலையிலும் எள்ளிலும் இப்படியொரு கெட்டிக்காரன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்! அவனை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பும் குடல் அவனுக்கும் மேல். இத்தனை வருஷம் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வியந்துபோனேன்.

"அப்ப நான் ஒரு படி கடலையத் தின்னுபோட்டா ஆச்சுங்களா?" என்றார் இவர்.

"அதுல கொஞ்சந்தாங்கய்யா இருக்கு. இந்த அளவு வரணும்னா வயிறுதான் பெருக்கும்" என்றாள் அவள்.

அன்று முதல் பொடி சாப்பாட்டு மோரில் கலந்தது. சோற்றுக்கு உட்கார்ந்தால், "பஸ் வந்துருச்சு, துண்டப் போடு புள்ள" என்பார். அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. பிரமாதம் என்று சொல்லமுடியாது. ஆனால் மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் அளவுக்கு இறங்கியிருந்தது. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, பொடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. இவர் இரண்டையும் நிறுத்தவில்லை, அது போதும்.

இவருக்கு ஐம்பத்தொன்பது ஆன இந்த வருஷம், இவர் அண்ணனுக்குப் படையல் போட்டோம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து இலை முன் உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து பொடியை எடுத்து மோரில் கலக்கினார். மாலை போட்ட போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணனுக்கு நான் மூத்தவனாயிட்டன் புள்ள" என்றார்.

நான் இன்னொரு கரண்டி மோர் ஊற்றினேன்.