திறந்து வைத்த பிரேக் ஆயில்

என் மனைவியின் தம்பிக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் முடிந்ததும், வேலைக்கு வரும் பெண்களை வேனில் ஏற்றி எங்காவது சுற்றிக்காட்டுவது அவர் வழக்கம். போன வருடம் கொடைக்கானல் என்று முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் போன் செய்தார்.

"அத்தான், மலைக்குப் போற வண்டி. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு என்னை இப்படி அழைப்பவர்கள் குறைவு. என் வீட்டிலேயே மிக்ஸி பழுதானால் கடைக்குத்தான் கொடுக்கிறார்கள். பேனா போலிருக்கும் சோதனைக் கருவியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

டயர், ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக் எல்லாம் சரியாக இருந்தன. வேன் டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். துடைத்துத் துடைத்தே வண்டியின் பெயிண்டைத் தேய்த்திருந்தார். கடைசியாக பிரேக் ஆயில். ஆயில் என்பது ஊர் வைத்த பெயர். எண்ணெய் தண்ணீரோடு ஒட்டாது. இது காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட விடாமல் குடிக்கும். சமதளச் சாலையில் அதனால் ஒன்றும் தெரியாது. மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வரும்போதுதான், சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். பிறகு மிதிக்கிற கால் நேராகத் தரைக்குப் போகும். வண்டி நிற்காது.

கருவியின் முனையை ஆயிலில் நனைத்தேன். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி நனைத்தேன். சிவப்புதான்.

"ஈரம் குடிச்சிருக்கு," என்றேன்.

"வெடி மருந்து நமத்துப் போற மாதிரியா?" என்றார் மைத்துனர். பணிமனையில் இதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் வகுப்பு தேவைப்பட்டது. அவர் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏய்யா, ஆடியிலதான ஆயிலு மாத்துனேன்னு சொன்ன?"

"மாத்துனேன் மொதலாளி."

"நாலு மாசத்துல நமத்துப் போகுமா அத்தான்?"

"போகாது. புது ஆயில்னா வண்டிக்குள்ள ரெண்டு வருசம் தாங்கும்." கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான்.

"அப்ப மாத்தவே இல்ல. டப்பா எங்கன? காட்டு."

"தூக்கிப் போட்டாச்சு மொதலாளி."

"போட்டாச்சாம்! செய்யாதத செஞ்சேன்னு சொல்றவன கம்பெனி கேட்டுக்குள்ள வைக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல? இருவது பொம்பளைக உசுருய்யா. சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் தொழிலில் ஒருவன் சொல்லும் பொய்க்கு ஒன்பது பேர் சாவார்கள். டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாவிக்கொத்தை எடுத்தார்.

கருவியைத் துடைக்க டிரைவர் சீட்டுக்குப் பின்னால் துணி தேடினேன். துணிக்கடியில் அந்த டப்பா இருந்தது. லேபிளில், திறந்த தேதி என் கையெழுத்தில். மூன்று மழைக்காலம் பழைய தேதி. என் காரை விற்றபோது மிஞ்சிப் பரணில் கிடந்ததை, வீணாகப் போகிறதே என்று ஆடியில் நானே டிரைவரிடம் கொடுத்திருந்தேன். அதுவரை அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. திறந்த டப்பாவில் தேதி எழுத வேண்டும் என்பது விதி, எழுதியிருந்தேன். சில மாதங்கள் ஆனால் கொட்டிவிட வேண்டும் என்பது அதற்கு அடுத்த வரி. அந்தச் சுற்றறிக்கையைப் பணிமனைச் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

துணியை மறுபடி டப்பாவின் மேல் போட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் போட்டேன். அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. டிரைவரின் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் இருந்தது. வேன் சாவியை மட்டும் பிரிக்க நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். அது கழன்று வரும்வரைதான் எனக்கு நேரம் இருந்தது.

டப்பாவை எடுத்து மைத்துனரிடம் கொடுத்தேன். "நான் குடுத்தது மாப்ள. தேதியப் பாருங்க."

அவர் நிதானமாகப் படித்தார். "மிஞ்சுன மருந்த மறுநாளைக்கு வச்சிருந்தா, எங்க கம்பெனில ஆள வெளிய தள்ளிருவேன் அத்தான். உங்கள எங்கிட்டுத் தள்ள? அக்கா என்னத் தள்ளிருவா." சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரைவரிடம், "சாவிய உள்ள வையிய்யா. போயி சீல் உடைக்காத டப்பாவா ரெண்டு வாங்கிட்டு வா," என்றார். மன்னிப்பு என்பதை முதலாளிகள் இப்படித்தான் கேட்பார்கள்.

அன்று பழைய ஆயிலை இறக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வேனுக்கடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். மேலே மிதித்தால்தான் பழைய ஆயில் கீழே வெளியேறும்; டிரைவர் பிரேக்கை மிதிக்க உட்கார்ந்தார். முகம் தெரியாததால் கேட்பது எளிதாக இருந்தது.

"டப்பாவ ஏன் காட்டல?"

"பெரியவுக பிரியமாக் குடுத்தது. அதப் போயி நீட்டச் சொல்றீகளா?"

"வேல போயிருக்குமே."

"வேற வண்டி கெடைக்கும் சார்."

பணிமனையில் என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ பேர் இப்படித் தலையைக் குனிந்து நின்றிருக்கிறார்கள். 'விளக்கம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாருக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"மிதிக்கட்டுமா சார்?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"மிதிங்க," என்றேன். பணிமனையில் மேலே உட்கார்ந்தவர்களிடம் "மிதி" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.