நீலாம்பாளின் கைரேகை

நீலாம்பாளுக்குத் தேதி தெரியாது. நோய் வருவதற்கு முன்பும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நடவுக்கு இறங்கியவள். புருஷன் செத்த பிறகு சிவசங்கரன் வீட்டு நாலு மா நிலத்தைக் குத்தகைக்குத் தன் பெயரில் பதிந்துகொண்டு, இருபது வருஷம் ஒற்றை ஆளாக நின்று விளைவித்தாள். முறைத் தண்ணீர் நாளில் எவனாவது அவள் மடையை அடைத்தால், மண்வெட்டியோடு அவன் வாசலில் போய் நிற்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு தை மாதத்தில் கண் மங்கி, கால் மரத்து, உலையை ஏற்றிவிட்டு எதற்கு ஏற்றினோம் என்று தெரியாமல் நின்றாள். ஊர் அதைக் கொழுப்பு என்றது, பேய் என்றது. தங்கை ராசம்மாள்தான் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையெங்கும் வெள்ளைத் திட்டுகள். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலே நரம்பின் உறையை அரிக்கிறது, நினைவும் யோசனையும் தடுமாறும் என்றார் டாக்டர்.

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. தஞ்சாவூர் போவதற்கு ஐந்து நாள் முன்னால், குத்தகையை விட்டுக்கொடுப்பதாக எழுதி அக்காவிடம் கைரேகை வாங்கியிருந்தார் சிவசங்கரனின் காரியஸ்தர் குஞ்சிதபாதம்.

அக்கா புத்தி தெளிவோடு வைத்த ரேகை அல்ல என்று ராசம்மாள் தாலுகா ஆபீசில் மனுப்போட்டாள். விசாரணைக்குக் கூப்பிடுவதற்குள் ஆட்சி மாறி, அறைச் சுவரிலிருந்த முதலமைச்சர் படமும் மாறியிருந்தது. அதிகாரி மூளைப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நீலாம்பாளிடம் கேட்டார்.

"இன்னிக்கு என்ன தேதிம்மா?"

அவள் சிரித்தாள்.

"படிக்காத சனம் யாருக்கு சார் தேதி தெரியும்? இதுக்கு ஒரு படம், ஒரு டாக்டரு!" என்றார் குஞ்சிதபாதம்.

அந்நியர் முகம் பார்த்துப் பேசியே பழக்கமில்லாத ராசம்மாளுக்கு உச்சி கொதித்தது.

"தேதிய ஏன் சார் கேக்குறீங்க? எங்கக்காவுக்குத் தெரிஞ்சதக் கேளுங்க. வயலுக்குத் தண்ணி எப்படி வைக்கணும்னு கேளுங்க."

அதிகாரி கேட்டார். நீலாம்பாள் பழைய மிடுக்கோடு நிமிர்ந்தாள்.

"வடிகால வெட்டிவிட்டா வயலுக்கு ஏறிடுமுங்க. மிச்சத்த வாய்க்கால்ல வடிச்சிடணும்."

வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குஞ்சிதபாதத்துக்கு வயிறு குலுங்கியது.

"கேட்டீங்களா சார்! பள்ளத்து வடிகால்லேர்ந்து மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறுமாம்! இருபது வருஷம் அந்த மடையில நின்னவ பேசுற பேச்சா இது? புத்தி உள்ளவ சொல்வாளா?"

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அப்ப எந்தப் புத்தியில ரேகை வச்சாங்க?"

"அது... அன்னிக்கு நல்லாத்தான் இருந்தா சார்..."

"ரேகை வச்ச அஞ்சே நாள்ல எடுத்த படம்யா இது."

காகிதம் செல்லாது என்று எழுதினார். நிலம் நீலாம்பாள் பெயரிலேயே நின்றது.

ராசம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தப்பாகத்தான் சொல்வாள் என்று தெரிந்தே அக்காவை நடுவில் நிறுத்தி, ஊரைச் சிரிக்க வைத்தல்லவா நிலத்தை வாங்க வேண்டியிருந்தது! பேருந்தில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்டி எல்லாரும் சிரிச்சாங்க? தப்பா சொல்லிட்டனா?" என்றாள் நீலாம்பாள்.

"நீ சரியாத்தான் சொன்னே. அவனுங்களுக்குத்தான் வெவசாயம் தெரியாதுக்கா."