போணிக் குதிரைகள்

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அமிர்தவல்லி ஏமாந்தே பழகியவள். ஞாயிறு காலையில், வியாபாரம் சூடுபிடிக்கும் முன், துணிக்கடை கோவிந்தராஜின் கடையில் அவரும் அவளும் டீச்சர் பாரதியும் பலகையில் காய் நகர்த்திக் கோட்டை பிடிக்கும் ஆட்டம் ஆடுவார்கள். கோவிந்தராஜ் அவளோடு கூட்டு சேர்வார். கடைசியில் அவள் கோட்டையையே பிடிப்பார். வாக்கு மீறுவது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி.

அன்று அவர் ஷட்டரைத் தூக்கியதுமே நுழைந்த அமிர்தவல்லி ஆட்டத்தில் தன் பங்கான மூன்று குதிரைக் காய்களை நீட்டினாள்.

"இத வச்சிக்கினு என் கோட்டைய வுட்டுடுங்கண்ணே. மொத போணி, இல்லன்னு சொல்லாதீங்க."

முதல் போணியைத் திருப்பி அனுப்பும் வியாபாரி அந்தத் தெருவில் கிடையாது. பழக்கதோஷத்தில் காய்களைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுவிட்டார்.

ஆட்டத்தின் முடிவில் அவள் கோட்டை காவலில்லாமல் கிடந்தது. அவர் கை பாதியில் நின்றது.

"அடிங்கண்ணே, இன்னா யோசனை?" என்றாள் பாரதி.

"போணி பண்ணவள எப்படிம்மா அடிக்கிறது?"

"நான் ஒண்ணும் வாக்கு குடுக்கலியே," என்று அமிர்தவல்லி அவர் கோட்டையைப் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் தன் கடைக்கு வந்தபோது, பூட்டிய ஷட்டர் முன்னால் கோவிந்தராஜ் நின்றிருந்தார். கையில் நான்கு குதிரைகள்.

"சீக்கிரம் தொறம்மா. மொத போணி நான்தான்."