அம்மாவின் சாட்சியும் என் இடது இடுப்பும்

காலை ஆறு ஐம்பது. தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிக்கட்டு. முதலில் கண்ணில் பட்டது, கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்த என் கைதான். இடது கால் அடுத்த படிக்கு எழவில்லை.

"சார், ஏறினா ஏறு, இல்லாங்காட்டி ஓரமா நில்லு. டிரெய்ன் வந்துகினு கீது" என்றார் பின்னால் கூடையோடு வந்தவர்.

ஓரமாக நின்றேன். அந்த வலி எனக்குப் பழையது. ஏழு வயதில், இடது இடுப்பு மூட்டின் பந்து எலும்புக்கு ரத்தம் போகாமல் அது நொறுங்கத் தொடங்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்து, பிறகு எழுந்து நடந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும், பொழிச்சலூரில் எங்கள் சபையில் அம்மா எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வார்: "என் பிள்ளைக்குப் பூரண சுகம்." இப்போது எனக்கு நாற்பது வயது. வலி திரும்பிவிட்டது என்று சொன்னால் அம்மாவின் சாட்சி பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன்.

அதனால் டாக்டரிடம் போகவில்லை. ஞாயிறுதோறும் சபை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து உள்ளே போவேன். எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கமில்லை. மூட்டு முழுதும் போய்விட்டால் வேலைக்கு எப்படிப் போவேன்? "ஆண்டவரே, வலியை எடுத்துப்போடும், இல்லையென்றால் அம்மாவிடம் சொல்ல ஒரு வழி காட்டும்" என்று ஜெபித்தேன். வலி போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். அம்மா என் செருப்புகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ஓரமா தேஞ்சிருக்கு, இன்னொண்ணு புதுசாட்டம் இருக்கு. எத்தனை நாளாடா வலி?"

"இல்லம்மா, உங்க சாட்சி..."

"கர்த்தருக்கு வக்கீல் வேலை பாக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா? நாளைக்கு லீவு போடு."

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரேயை அம்மாவிடமே காட்டினார். "எலும்பு அப்பவே ஆறிடுச்சும்மா. உருண்டையா ஆறாம கொஞ்சம் தட்டையா ஆறியிருக்கு. அதான் இப்ப தேயுது." அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும், வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். பின்னாளில் மூட்டு மாற்ற வேண்டிவரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நான் கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்தது. அதற்கு நன்றி சொல்கிறேன். சுகம் பெற்ற உடம்பையும் டாக்டரிடம் காட்டுங்கள். அது அவிசுவாசம் அல்ல. வலியை ஆண்டவரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

புதன்கிழமைகளில் பிசியோதெரபிக்குப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் ஐந்து வருடமாக வலியாம். இப்போதுதான் சொன்னார்.