ஊசி விட்ட காலிக் கட்டங்கள்

ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸுக்கு 'ஊசி' என்று பெயர். கையில் ஊசியை எடுத்தால் எறும்புக்கடி. வாயைத் திறந்தால் யானைக்கும் காய்ச்சல் வரும். அந்த வாயால்தான் ஒருநாள் தலைமை நர்ஸிடம், "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என் காலை ஒடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இனித் திரும்ப வழியில்லை.

படுக்கைப்புண்ணைப் படத்திலேயே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கும் கம்பெனி ஒன்று அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

"கம்ப்யூட்டர் படிச்சவனே ஈ ஓட்டுறான். நீங்க போயி அதுக்கு எனிமா குடுக்கப் போறீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"முதல்ல உன் வாய்க்குக் கட்டுப் போட்டுட்டுப் போறேன்டி."

குழுத்தலைவன் அவள் சான்றிதழைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "நர்ஸா? இங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லையே!" மேசைகள் எல்லாம் சிரித்தன. உட்காரக் கதவோரமாய்க் கால் ஆடும் நாற்காலி.

படத்தைப் பார்த்துப் புண்ணின் ஆழத்தைக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆழம் பிடிபடாத படங்களுக்கு ஊசி கட்டத்தைக் காலியாக விட்டாள். நிச்சயமில்லாததை எழுதாதே, அடுத்த ஷிப்ட்காரி பார்த்து எழுதுவாள் என்பது வார்டு வழக்கம். இங்கே அடுத்த ஷிப்ட் ஏது? காலிக் கட்டம் என்றால் புண்ணே இல்லை என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் சோதனை. திரையில் ஒரு புண். அந்தக் குழியில் பேருந்தை நிறுத்தலாம். 'தோல் நலம்' என்றது கம்ப்யூட்டர்.

"படத்துல ஏதோ தூசி..." என்று மழுப்பினான் தலைவன்.

ஊசிக்குக் காரணம் விளங்கிவிட்டது. வாயை மூடியிருந்தால் வேலை தப்பும். ஆனால் வார்டில் தப்பை மறைத்தால் நோயாளி தப்பமாட்டான். எழுந்தாள்.

"தூசி இல்ல. ஆழம் தெரியாததை எல்லாம் நான் காலியா விட்டேன். தப்பு என்னோடது."

வந்தவர்களில் பெரியவர் எழுந்தார். "விட்டவங்களே சரி பண்ணட்டும். அப்புறம் கூப்பிடுங்க."

அவர்கள் போனதும் தலைவன் பாய்ந்தான். "வெளியாளுங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்களே!"

"வாங்கினதை நானா வச்சுக்கப்போறேன்? படங்களைக் கொடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

காலிக் கட்டங்களில் எல்லாம் 'புண் உண்டு, ஆழம் தெரியவில்லை' என்று எழுதி முடித்தாள். அடுத்த சோதனை தேறியது. வேலை கிடைத்தது, வாழ்த்துக் கிடைக்கவில்லை. ஆடும் நாற்காலி மட்டும் தலைவனின் மேசைக்கு எதிரே வந்தது. கண்ணெதிரே இருந்தால்தான் முறைக்க வசதியாம்.

"உங்களையும் வச்சுக்கிட்டாங்களா? பாவம் கம்பெனி!" என்றாள் நாத்தனார்.

"எனக்கும் அதே கவலைதான்டி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தலைவனைப் பதிலுக்கு முறைப்பதற்காக ஊசி சீக்கிரமே தூங்கப் போனாள்.