நத்தர்ஷா ராவுத்தரின் கால் மெழுகு

உத்தமபாளையம் கடைவீதியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருந்த நத்தர்ஷா ராவுத்தருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். யாராவது தன்னை ‘ஹக்கீம்’, அதாவது வைத்தியர், என்று கூப்பிட வேண்டும். ஊரே கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அவர் பேராசைப்படவில்லை, ஓர் ஆள் போதும். நாற்பத்தைந்து வயதுவரை அந்த ஓர் ஆள் அகப்படவில்லை. சுக்கு வாங்க வந்தவர்கள் சுக்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னவர் ஒருவருமில்லை.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1932இல் வழுக்கைக்கு ஓர் எண்ணெய் காய்ச்சினார். தலையாரி ஒச்சாண்டி நம்பித் தேய்த்துக்கொண்டார். சத்து இருக்கட்டும் என்று ராவுத்தர் அதில் கொஞ்சம் தேன் சேர்த்திருந்தார். முடி வரவில்லை, எறும்பு வந்தது. ஒரு மாதம் வரைக்கும் ஒச்சாண்டி தலையைத் தட்டிக்கொண்டே கடைவீதியைக் கடந்து போனார்.

ராவுத்தரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய துண்டைச் சொல்லாமல் விட முடியாது. நீலம் போட்டு வெளுத்த வெள்ளைத் துண்டு, எப்போதும் இடது தோளில் கிடக்கும். கடையில் மஞ்சளும் மிளகும் பறந்தாலும் துண்டில் ஒரு பொட்டு விழாது. அவருடைய மனைவி மதீனா தவறிப்போய் ஒருநாள் அதில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் வசவு வாங்கினாள். தொழுகைக்கு முன் ஒளு செய்து கைகால் கழுவினால் மட்டும் அந்தத் துண்டை எடுத்து, கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் துடைப்பார். கல்யாண மாப்பிள்ளை மோதிரம் துடைப்பதுபோல அவ்வளவு பக்குவமாகத் துடைப்பார்.

இப்பேர்ப்பட்டவர்தான் 1936இல் சேற்றுப்புண்ணைக் கையில் எடுத்தார்.

பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க நடவு. நடவுப் பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை சேற்றில்தான் நிற்பார்கள். ஒரு வாரத்தில் விரலிடுக்கு வெளுத்து, ஊறி, தோல் கழன்று புண்ணாகிவிடும். மஞ்சளைக் குழைத்துப் பூசினால் பத்து நாற்று நடுவதற்குள் சேறு கழுவிக்கொண்டு போய்விடும். ராவுத்தர் யோசித்தது இதுதான்: புண் வந்த பிறகு மருந்து போட்டு என்ன ஆகப்போகிறது, தண்ணீர் தோலைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் புண் எங்கிருந்து வரும்? நல்ல யோசனை. அவர் வாழ்நாளில் யோசித்ததிலேயே நல்ல யோசனை அதுதான் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

வருசநாட்டு மலையிலிருந்து சுருளிவேல் கொண்டுவரும் தேன்மெழுகை வாங்கி உருக்கினார். மெழுகுதான் வேலி, தண்ணீரை அண்டவிடாது. ஆனால் மெழுகு மட்டும் இருந்தால் காய்ந்து வெடித்து உதிரும் என்பதால் நல்லெண்ணெய் விட்டார். அது மெழுகை இளக்கி, தோலையும் மெத்தென்று வைத்திருக்கும். வழுவழுவென்று ஓடிவிடாமல் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள விளக்கெண்ணெய். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் ஆறிக் கூடட்டும், அழுகல் சேராமல் இருக்கட்டும் என்று வெள்ளைக் குங்கிலியப் பிசினைப் பொடித்து, எண்ணெயோடு காய்ச்சி, துணியில் வடிகட்டிச் சேர்த்தார். ஆறியதும் வெண்ணெய் பதத்தில் மஞ்சளாக உறைந்தது. பழைய மூக்குப்பொடி டப்பாக்களில் அடைத்தார். தேன் சேர்க்கவில்லை. மதீனா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

அனுமந்தன்பட்டி நடவுக் கூட்டத்துக்குத் தலைவி மொக்கம்மாள். முப்பது பெண்களை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிறவள், வாயும் அதற்கேற்ற வாய். அவள் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இதுல எறும்பு வராதுல்ல ராவுத்தரே?”

கடைவீதி சிரித்தது. ராவுத்தருக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“ஆத்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் போகத்துல ஒங்க கூட்டத்துல ஒருத்தி விரலிடுக்குல புண்ணு வந்தாலும், நான் மூணு நாள் வயல்ல எறங்கி நாத்து நடுறேன். அதுக்கப்புறம் இந்த ஊருல மருந்துன்னு ஒண்ணு காய்ச்ச மாட்டேன்.”

ஒன்பதாம் நாள் மொக்கம்மாள் வந்து, கடைப்பலகையில் காலைத் தூக்கி வைத்தாள். விரலிடுக்கெல்லாம் புண். மருந்து போடாத காலத்தைவிட மோசம்.

ராவுத்தர் மருந்தைச் சந்தேகப்பட்டார், சுருளிவேலைச் சந்தேகப்பட்டார், எண்ணெய் கொடுத்த செக்குக்காரரைச் சந்தேகப்பட்டார். தன் வாயைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். மெழுகைக் கூட்டினார். அது சுண்ணாம்புக் காரை மாதிரி காலிலிருந்து பெயர்ந்து விழுந்தது. விளக்கெண்ணெயைக் கூட்டினார். வரப்பில் நடந்த மூன்று பெண்கள் வழுக்கி வாய்க்காலில் விழுந்தார்கள். வேப்பெண்ணெய் விட்டதில், அந்த நாற்றத்தைப் பெண்கள் பொறுத்துக்கொண்டாலும் அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைகள் தாயிடம் வர மறுத்து அழுதன. புண் மட்டும் அப்படியே இருந்தது.

“சொன்ன சொல்லு என்னாச்சு?” என்று மொக்கம்மாள் ஆள் அனுப்பினாள்.

ராவுத்தர் பழைய பக்குவத்துக்கே திரும்பி ஒரு சட்டி காய்ச்சினார். அதே சட்டியிலிருந்து பெண்களுக்கும் கொடுத்து அனுப்பி, தனக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை ஒளு செய்து, துடைத்து, தொழுதுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து மருந்தைப் பூசினார். “மாப்பிள்ளைக்கு மருதாணியா?” என்றாள் மதீனா. பெண்கள் சேலையை வரிந்து கட்டுகிற நேரத்தில் வரப்பில் நிற்பது முறையில்லை என்று, அவர்கள் எல்லாரும் இறங்கி வரிசை பிடித்த பிறகுதான் வயலுக்குப் போனார்.

அந்த மூன்று நாளும் அனுமந்தன்பட்டிக்குத் திருவிழா. வேலை இல்லாதவர்களும் வரப்பில் வந்து நின்றார்கள். ஒச்சாண்டி பழைய எறும்பை ஞாபகப்படுத்துவதுபோலத் தலையைத் தட்டிக்கொண்டே வந்து முன்வரிசையில் நின்றார். ராவுத்தர் நட்ட வரிசை குமுளி மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போனது. பின்னால் வந்த பெண்கள் அதைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள். இடுப்பு விட்டுப்போய், மூன்றாம் நாள் சாயங்காலம் அவரை இரண்டு பேர் பிடித்துக் கரையேற்ற வேண்டியிருந்தது. வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

மொக்கம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். இன்னும் கிட்டே வந்து பார்த்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒங்க காலுல ஒண்ணுமே இல்லையே. பழகாத காலு மூணாம் நாளே வெளுத்துப் புண்ணாயிருக்கணுமே.”

பெண்கள் கூடிவிட்டார்கள். ராவுத்தர் தானும் குனிந்து பார்த்தார். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு கீறல் இல்லை. அவருக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

“எங்களுக்கு ஒரு மருந்து, ஒங்களுக்கு ஒரு மருந்தாக்கும்?” மொக்கம்மாளின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. “எறும்பு மருந்து குடுத்தீக, சிரிச்சுட்டு விட்டோம். இது அப்படியில்ல ராவுத்தரே. காலு இல்லாட்டி எங்களுக்குச் சோறு இல்ல.”

“அல்லா மேல ஆணை, ஒரே சட்டிதான் ஆத்தா.”

ஒருத்தியும் நம்பவில்லை. அன்று வரை அவரைக் கோமாளி என்றுதான் ஊர் சொல்லியிருந்தது. ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. வீடுவரை அந்தச் சொல் அவர் கூடவே வந்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். மதீனா அவரைக் கேலி செய்யாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

வாக்கு கொடுத்த மூன்று நாள் முடிந்துபோயிற்று. ஆனாலும் நாலாம் நாள் விடிவதற்கு முன்பே போய், முறையாவது ஒன்றாவது என்று வரப்பு மேட்டில் நின்றுகொண்டார். பெண்கள் வந்தார்கள். வயல் தாய் மாதிரி, தெருப் புழுதிக் காலோடு அதில் இறங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார்கள். கழுவிய கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, டப்பாவைத் திறந்து விரலிடுக்கில் பூசத் தொடங்கினார்கள்.

“நிறுத்துங்க!” என்று ராவுத்தர் போட்ட சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டன. “ஈரக்காலுலயா பூசுறீக?”

“மருந்தாச்சே, அழுக்குக் காலுலயா பூசுவாக? கழுவிட்டுத்தான் பூசுறோம்” என்றாள் மொக்கம்மாள்.

“மெழுகு தண்ணிய உள்ள விடாது ஆத்தா. உள்ள இருக்குற தண்ணிய வெளியவும் விடாது. ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டிட்டீகளே! பகல் முழுக்க அது அங்கனயே கெடந்து ஊறுது. நான் காலைத் தொடச்சுட்டுல்ல பூசுறேன்...”

“தொடைக்கணும்னு சொன்னீகளா?”

“அது சொல்லணுமா? காலைக் கழுவுனா யாரும் தொடைக்கத்தான செய்வாக.”

மொக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருடைய தோளில் கிடந்த துண்டையும் பார்த்தாள்.

“எதை வச்சுத் தொடைப்பாக ராவுத்தரே? எங்ககிட்ட இருக்குறது இடுப்புல கட்டுன சீலை ஒண்ணு. இதையும் காலங்காத்தால நனைச்சுக்கிட்டா, நாள் முழுக்க நாங்க எதைக் கட்டிக்கிட்டு நிக்கிறது?”

முப்பது பெண்கள் நின்றார்கள். முப்பது பேரிடமும் ஒரு முழம் உபரித் துணி இல்லை. மெழுகு என்ன செய்யும், குங்கிலியம் என்ன செய்யும் என்று விரல்விட்டுச் சொல்லத் தெரிந்த மனிதருக்கு இது தெரியாமல் போயிற்று. ராவுத்தருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. வெட்கத்தில்தான்.

தோளிலிருந்து துண்டை எடுத்தார். வழக்கம்போல ஒருமுறை உதறினார், பழக்க தோஷம். பிறகு மொக்கம்மாளிடம் நீட்டினார்.

“தொடச்சுக்க ஆத்தா. விரலிடுக்குல நல்லா அழுத்தித் தொடை. புண்ணு காத்தாடக் காயட்டும். காஞ்சப்புறம் பூசு.”

அவள் தயங்கினாள். பிறகு வாங்கித் துடைத்தாள். அடுத்தவளிடம் கொடுத்தாள். முப்பது பேர் கைக்கும் போய்த் திரும்பி வந்தபோது அந்தத் துண்டுக்கு என்ன நிறம் என்று சொல்ல ஆள் இல்லை. அன்று மத்தியானமே ராவுத்தர் வீட்டு அலமாரியில் இருந்த மற்ற ஐந்து துண்டுகளும் வயலுக்கு வந்துவிட்டன. மதீனாவே கிழித்து, பங்குபோட்டு அனுப்பியிருந்தாள். கணவன்மேல் இருந்த பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பத்துப் பன்னிரண்டு நாளில் புண்கள் ஆறின. இனி மருந்து காய்ச்ச மாட்டேன் என்ற வாக்கை மொக்கம்மாளே தள்ளுபடி செய்துவிட்டாள். அடுத்த போகத்தில் ஒருத்திக்கும் வரவில்லை. பண்ணைப்புரத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். அன்றிலிருந்து ராவுத்தர் கடையில் டப்பாவைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஒரு முழத் துணியில் முடிந்துதான் கொடுப்பார். துணி எதற்கு என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித்தான் அனுப்புவார்.

அவர் கேட்ட பட்டம் மட்டும் வரவில்லை. மறு வருஷம் ஆனி மாதம், கடைவீதி நிறைந்திருந்த ஒரு சந்தை நாளில், மொக்கம்மாள் தன் கூட்டத்தோடு வந்து நின்று உரக்கக் கூப்பிட்டாள்.

“துண்டு ராவுத்தரே! முப்பது டப்பா கட்டி வைங்க!”

கடைவீதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராவுத்தர் பழக்கத்தில் இடது தோளைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“இந்தா வந்துட்டேன் ஆத்தா” என்றபடி எழுந்து போனார்.